ஆத்தா வீட்டு வழுக்குத் தரைக்கு 2 லட்சம் செலவழிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 74 வயது. கண்டனூர்ப் பூர்வீக வீட்டில் தனியாக இருக்கிறார்கள். போன மாசியில் வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்தார்கள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. தரையில் பதித்திருக்கும் வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து வழுக்காத டைல்ஸ் போட்டு, குளியலறையையும் மாற்ற 2 லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். ‘அதை டெபாசிட்டில் போட்டு வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமே’ என்கிறார் மனைவி. 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. எது லாபம்?

பதில்: ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்த்தால் உங்கள் மனைவி பக்கம்தான் கணக்கு நிற்கும். 65 தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள். ஆனால் நூறு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு முறிவது ஒரு தடவை போலத்தான். அறுவை சிகிச்சைக்கு 3 லட்சம் என்று வைத்தாலும், ஆண்டுக்குச் சராசரியாக 1,000 ரூபாய்தான் வருகிறது. அதற்குப் போய் 2 லட்சமா?

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ஆத்தாவைச் சராசரியில் சேர்க்க முடியாது. அப்புறம், பில்லோடு செலவு முடிவதில்லை. கூடவே இருக்க ஒரு ஆள் வேண்டும். மாதம் 20,000 என்றால் ஆறு மாதத்தில் 1,20,000. இதைக் காப்பீடு பொதுவாகத் தராது. நீங்கள் போடும் லீவும் செலவுதான்.

ஆனாலும் கல்லைப் பெயர்க்காதீர்கள். பங்காளிகள் சம்மதம் வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கல் காய்ந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. பளபளப்புக்காக எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) சாரல் அடிக்கிற ஓரத்துக்கு அடியில் ரப்பர் வைத்த மிதியடி போதும். ராத்திரி ஆத்தா படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வழியை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு எங்கே வேண்டும், எந்த நிலைப்படி தடுக்கும் என்று தெரிந்துவிடும். கழிப்பறையிலும் குளிக்குமிடத்திலும் கைப்பிடி கட்டாயம். சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் திருகினால் கையோடு வந்துவிடும். செங்கல்வரை போல்ட் இறங்க வேண்டும். எல்லாம் சேர்த்து 40,000-க்குள் முடிக்கப் பாருங்கள்.

இது வீண் செலவில்லை. விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களின் வீட்டை இப்படிச் சரிசெய்தால் விழுவது 38% குறைவதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பு சொல்கிறது. ஆபத்து குறைவானவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. ஆத்தா விழாதவராக இருந்தால் இதையும் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன்.

காசுக்கு அதிகப் பலன் தருவது வேறு. கால் பலத்துக்கும் உடல் நிதானத்துக்கும் தொடர்ந்து செய்யும் பயிற்சி விழுவதை 23% குறைக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை உண்டு. ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண்ணில் புரை இருந்தால் அதை முதலில் எடுங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரையால் தலைசுற்றல் வருகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மிச்சம் 1,60,000-ஐ ஆத்தா பெயரில் நாலு டெபாசிட்டாகப் பிரித்துப் போடுங்கள். மூத்த குடிமக்களுக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஐந்தாண்டுக்கு உடைக்க முடியாத டெபாசிட் வேண்டாம். பாலிசியில் அறை வாடகை வரம்பும், நம் கையிலிருந்து கட்டும் பங்கும் எவ்வளவு என்று பாருங்கள்.

கைப்பிடிச் செலவில் பங்காளிகளிடம் பங்கு கேட்காதீர்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.