45 நாள் கழித்தும் இலையில் புரோபெனோபாஸ்: தப்பு ஆய்வகத்திலா?

கேள்வி: காரமடைப் பக்கம் இரண்டு ஏக்கர் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரி, ஆய்வக முடிவைக் காட்டி லோடைத் திருப்பிவிட்டார். கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் புரோபெனோபாஸ் பூச்சிமருந்து இருக்கிறதாம். நான் அந்த மருந்தை அடித்து 45 நாள் ஆகிறது. அப்புறம் கடையில் கொடுத்த 'பயோ' மருந்து மட்டும்தான், இரண்டு முறை. ஆய்வகம் தப்பாகச் சொல்கிறதா? புளித்தண்ணீரில் அலசி அனுப்பினால் தேறுமா?

பதில்: அலசினால் தேறாது, ஐயா. வியாபாரி கேட்கும் அளவு 0.01. அதாவது நூறு டன் இலையில் ஒரு கிராம். 0.8-ஐ அங்கே கொண்டுவர, நூறில் 99 பங்கு மருந்து போக வேண்டும். புளித்தண்ணீர் இலையின் மேலே இருப்பதில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும்.

கறிவேப்பிலையின் பச்சையமும் வாசனை எண்ணெயும் கருவியைக் குழப்பும் என்பது உண்மைதான். அதனால் இந்த அளவீட்டில் 50 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் உங்கள் இலையில் 0.4-க்குக் குறையாது. அதே இலையைத் திரும்பச் சோதிக்க இன்னொரு ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவது வீண்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த மருந்து எப்போது இலைக்கு வந்தது? புரோபெனோபாஸ் நம் வெயிலில் மூன்று நாளில் பாதியாகும். தாராளமாக ஐந்து நாள் என்றே வைத்துக்கொள்வோம். 45 நாளில் ஒன்பது முறை பாதியாகியிருக்கும். 0.8-ஐ ஒன்பது முறை இரட்டித்துப் பாருங்கள், அடித்த அன்று கிலோவுக்கு 410 மில்லிகிராம் இருந்திருக்க வேண்டும். 50 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மில்லி, அதாவது ஒரு கிராம் புரோபெனோபாஸ், கலந்து அடித்தால், ஒரு கிலோ இலை கிட்டத்தட்ட அரை லிட்டர் கரைசலைத் தாங்கி நின்றிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? இது பழைய மருந்தே இல்லை, பிறகு வந்தது.

என் சந்தேகம் அந்த பயோ பாட்டில் மேல்தான். மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா? என்ன சேர்மானம், எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா? பில் கொடுத்தார்களா? அடித்த ஒரு மணி நேரத்தில் கொழுந்தில் இருந்த பூச்சி கொத்தாக விழுந்ததா? 'பயோ' என்று விற்கிற வேப்ப மருந்து அப்படி வேலை செய்யாது. பூச்சியைத் தின்னவிடாமல், வளரவிடாமல் மெதுவாகத்தான் ஒடுக்கும். மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வேப்ப எண்ணெய்க்கும் புரோபெனோபாஸுக்கும் பூண்டு மாதிரி வாடைதான். 'இயற்கை' என்று லேபிள் ஒட்டி ரசாயனத்தைக் கலந்து விற்பவர் உங்கள் லோடைத் திருடுகிறார், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பில் தராத கடையில் ஒரு பாட்டில்கூட வாங்காதீர்கள். கடன் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆனாலும் சோதிக்காமல் பழி போட வேண்டாம். பக்கத்துக் காட்டில் அடித்தது காற்றில் வந்திருக்கலாம். வாடகை ஸ்பிரேயராக இருந்தால் டேங்கிலும் குழாயிலும் மிச்சம் இருந்திருக்கும். வரப்போர வரிசையில் ஒரு பை, நடுத்தோட்டத்தில் ஒரு பை என இலையைத் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொரு பைக்கும் பத்துப் பதினைந்து செடியிலிருந்து, மேலும் கீழுமாக, அரைக் கிலோ. கழுவாமல், ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுங்கள். கூடவே பாட்டிலில் மீதியிருப்பதையும் கொடுங்கள். இலைப் பைகளோடு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், ஒரு சொட்டுக் கசிந்தாலும் முடிவு கெட்டுவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே பூச்சிக்கொல்லி நஞ்சியல் ஆய்வகம் இருக்கிறது. வரப்போரம் மட்டும் அதிகமென்றால் காற்று. இரண்டு பையும் ஒரே மாதிரி இருந்தால் டேங்க் அல்லது பாட்டில். அதில் எது என்பதைப் பாட்டிலின் முடிவு சொல்லிவிடும்.

திரும்பி வந்த இலையை உள்ளூர்ச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள், நம் வீட்டு ரசத்திலும் அதே இலைதான். பாட்டிலின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மருந்து இருந்தால், அந்தத் தாளோடு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்க நானே எழுதித் தருகிறேன்.