கொசுவிரட்டி எண்ணெயை உறைக்குள் அடைக்கலாமா? வாசகர் கேள்விகள்

கொசு விரட்ட, தேங்காய் எண்ணெயில் சிட்ரோனெல்லா (ஒருவகை வாசனைப் புல்லின் எண்ணெய்) கலந்து விற்கிறேன். அரை மணிக்கு மேல் நிற்கவில்லை என்கிறார்கள். மைக்ரோகேப்சூலாக (எண்ணெய்த் துளியை மெல்லிய உறைக்குள் அடைத்த நுண்மணியாக) மாற்றினால் ராத்திரி முழுக்கத் தாங்குமா? (ஈரோடு வாசகி)

உங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வது சரிதான். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2002-ல் வெளியான ஒப்பீட்டில், சிட்ரோனெல்லா தயாரிப்புகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. 23.8 சதவீத டீட் (செயற்கைக் கொசுவிரட்டி) ஐந்து மணி நேரம் நின்றது.

கொசுவை விரட்டுவது எண்ணெயின் ஆவி. ஆவி போகப்போகச் சரக்கும் தீர்ந்துபோகும். உறை போட்டால் வீரியம் அதிகமாகாது, செலவாகும் வேகம்தான் குறையும். பலர் சறுக்குவது இங்கேதான்: உறை மிகவும் கெட்டியாகி, வெளிவரும் ஆவி தேவைக்குக் கீழே போனால், எண்ணெயும் தோலில் இருக்கும், கொசுவும் கடிக்கும். அதனால் கொஞ்சம் எண்ணெயை உறையில்லாமலும் மீதியை உறைக்குள்ளும் வைத்துக் கலந்து பாருங்கள். ராத்திரி முழுக்க என்று மட்டும் லேபிளில் போட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் வாங்கும்போது ஜாவா ரகமா, இலங்கை ரகமா என்றும் கேளுங்கள். ஜாவா ரகத்தில் சிட்ரோனெல்லால் என்ற வேதிப்பொருள் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இலங்கை ரகத்தில் பெரும்பாலும் அதில் பாதிகூட இராது.

ஜெலட்டின், அரபிக் பிசின் வைத்து எண்ணெய்த் துளிக்கு உறை போடும் ப்ராஜெக்ட் செய்கிறோம். ஒவ்வொரு தடவையும் கட்டிகட்டியாகத் திரள்கிறது. (வேதியியல் மாணவர்)

அமிலத்தை அவசரமாக ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 40–50 டிகிரியில் இரண்டு கரைசலும் எண்ணெய்த் துளிகளும் கலந்திருக்கும்போது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு பிஹெச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4 அருகே கொண்டுவர வேண்டும். அப்போது ஜெலட்டின் நேர்மின்னேற்றம் பெறும். பிசின் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். இரண்டும் சேர்ந்து துளியைச் சுற்றிப் படியும். நுண்ணோக்கியில் துளியைச் சுற்றி மெல்லிய, கண்ணாடி மாதிரியான வளையம் தெரிந்தால் சரியாகப் போகிறது. அதன்பின் கலக்கியை நிறுத்தாமல், 10 டிகிரிக்குக் கீழே மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். குளிரும் நேரத்தில் கலக்கியை நிறுத்தினாலும் ஒட்டிக்கொள்ளும்.

உறையை இறுக்க குளூட்டரால்டிஹைடு வேலை செய்யும், ஆனால் தோலுக்கு ஆகாது. உடம்பில் பூசும் பொருள் என்றால் டானிக் அமிலத்தை முயன்று பாருங்கள். சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் குளோரைடு மணிகள் செய்வது சுலபம்தான். ஆனால் சுவரில் துளைகள் அதிகம், எண்ணெய் சீக்கிரம் கசியும்.

இந்தக் கேப்சூலை டி-சர்ட்டில் ஏற்றினால் எத்தனை துவைப்பு தாங்கும்? (திருப்பூர்)

எண்ணைச் சொல்லிவிட்டால் பொய்யாகிவிடும். பைண்டரையும் (கேப்சூலைத் துணியில் ஒட்டவைக்கும் பசை) சலவையையும் பொறுத்தது. பைண்டர் குறைந்தால் கேப்சூல் உதிரும். கூடினால் துணி விறைக்கும், ஆவியும் அடைபடும். 150 டிகிரியில் க்யூரிங் செய்தால் (சூட்டில் பசையை இறுகவைத்தால்) மெஷினிலேயே எண்ணெயில் ஒரு பங்கு போய்விடும். குறைந்த சூட்டில் க்யூர் ஆகும் பைண்டராகக் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் எடுக்குமுன் துவைத்த துணியையே கொசுக்கூண்டில் சோதியுங்கள். வாசனை இருக்கிறதே என்று நம்பாதீர்கள்: நம் மூக்குக்கு எட்டும் அளவு கொசுவை விரட்டப் போதாது.

எட்டு மாதக் குழந்தைக்கு இதைப் பூசலாமா? "உறைக்குள் இருப்பதால் தோலில் படாது" என்று கடைக்காரர் சொன்னார்.

வேண்டாம். தேய்த்ததும் உறை உடையத்தான் செய்யும். எண்ணெய் தோலில்தான் படும். இன்னொரு கொசுவிரட்டியான எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் வகைகளை மூன்று வயதுக்குள் பயன்படுத்த வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அறிவுரை. கொசுவலை போடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

மெலமின்-ஃபார்மால்டிஹைடு உறை போட்டுவிட்டு "நூறு சதவீதம் இயற்கை" என்று எழுதலாமா?

எண்ணெய் இயற்கை, உறை பிளாஸ்டிக். எழுதினால் ஏமாற்று வேலைதான். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: வேண்டுமென்றே சேர்க்கும் நுண்பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நறுமண உறைகளுக்கு 2029 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சரக்கு அந்தப் பிரிவில் சேருமா என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.