சாட் பூட் த்ரீயும் கலைக்களஞ்சியமும்

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியத்துக்காகச் சிறுவர் விளையாட்டுகளைப் பற்றி எழுதிவருகிறோம். கிட்டிப்புள், பல்லாங்குழி, பாண்டி எல்லாம் சிக்கலில்லாமல் ஏறிவிட்டன. 'சாட் பூட் த்ரீ', 'உத்தி பிரித்தல்' இரண்டையும் நான் எழுதிக் கொடுத்தபோது குழுவின் மூத்தவர் திருப்பிவிட்டார். "இது விளையாட்டே இல்லை, விளையாட ஆள் பிரிப்பது. டாஸ் போடுவதற்கெல்லாம் கட்டுரை எழுதுவீர்களா?" என்கிறார். கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., விருதுநகர்

அன்புள்ள எம்.,

டாஸுக்குக் கட்டுரை உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் நாணயம் சுண்டுவதற்கும் தனிப் பக்கம் இருக்கிறது, ஆளைக் கழிக்க ஆங்கிலப் பிள்ளைகள் பாடும் 'ஈனி மீனி மைனி மோ'வுக்கும் இருக்கிறது. உங்கள் மூத்தவர் உதாரணத்தில் சறுக்கிவிட்டார். ஆனால் கட்டுரையைத் திருப்பியதில் தப்பு சொல்ல மாட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் தெருவில் சாட் பூட் த்ரீயை மூன்று மூன்று பேராகத்தான் போடுவோம். இடது உள்ளங்கையில் வலது கையைத் தட்டிக்கொண்டே வந்து, 'த்ரீ' என்னும்போது மல்லாத்தியோ கவிழ்த்தோ வைக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் மாற்றி வைத்திருந்தால் அவன் பழம், தப்பித்தான். ஏன் மூன்று பேர்? மூன்று கைகள் எட்டு விதமாக விழலாம். எல்லாம் ஒரே மாதிரி விழுவது அதில் இரண்டுதான். மீதி ஆறிலும் ஒருத்தன் தனித்துப்போவான். நாலு பேர் என்றால் பாதிக்குப் பாதி. பத்துப் பேர் வட்டமாக நின்று போட்டால் நூறு தடவைக்கு இரண்டு தடவைதான் ஆள் கழியும், அதற்குள் இருட்டிவிடும். இந்தக் கணக்கை எந்தப் பையனும் போட்டதில்லை. ஆனால் மூன்று பேராகத்தான் நின்றோம்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால், ஏற்கெனவே பழமான ஒருத்தன் வந்து ஒப்புக்குக் கை வைப்பான். திருட்டு நடக்கும் இடம் இதுதான். அவன் மல்லாத்தப்போவது சிநேகிதனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், சிநேகிதன் கவிழ்த்துவிடுவான். எதிராளி மல்லாத்தினால் சிநேகிதன் பழம். கவிழ்த்தால் ஒப்புக்கு வந்தவன் தனித்துப்போவான், மறுபடியும் போட வேண்டும். எப்படிப் போட்டாலும் சிநேகிதன் மாட்டவே மாட்டான். நான் இரண்டு கோடை விடுமுறை முழுக்க மாட்டியிருக்கிறேன்.

உத்தி இதைவிட நுட்பமானது. ஓட்டத்தில், உயரத்தில் சமமான இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "ரோஜாப்பூ வேணுமா, மல்லிப்பூ வேணுமா?" தலைவன் எந்தப் பூவைக் கேட்டாலும் சரி, அந்த ஜோடியில் ஆளுக்கொருத்தன் இரண்டு பக்கமும் போய்விடுவான். கட்சி சமமாகிவிடும். தலைவனே ஆளைப் பார்த்துப் பொறுக்கினால் கடைசியில் ஒரு நோஞ்சான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நான் நின்றிருக்கிறேன். உத்தியில் நோஞ்சானுக்கு நோஞ்சான் ஜோடி, யாரும் அப்படி நிற்க வேண்டாம்.

ஆகவே இவற்றுக்குப் பதிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரச்சினை உங்கள் கட்டுரைகள்தான். 'தமிழகமெங்கும் தொன்றுதொட்டு விளையாடப்பட்டு வரும்' என்று ஆரம்பிக்கிறீர்கள். சாட் பூட் த்ரீயா தொன்றுதொட்டு? பேரிலேயே த்ரீ இருக்கிறது! எந்த ஊரில் பார்த்தீர்கள், எந்த வருஷம், சொன்னவருக்கு என்ன வயது, ஒன்றுமே இல்லை. உத்தி கட்டுரையில் அது எப்படி நடக்கும் என்பதற்கு இரண்டு வரி, தமிழர் பண்பாட்டின் பெருமைக்கு ஒரு பக்கம்.

ஈனி மீனிக்குச் சும்மா இடம் கிடைத்துவிடவில்லை. ஹென்றி காரிங்டன் போல்டன் என்ற அமெரிக்கர், வேதியியல்காரர், இந்த மாதிரி எண்ணிக் கழிக்கும் பாட்டுகளைப் பல மொழிகளிலிருந்து திரட்டி 1888இல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதி பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டுக் கேட்டு 1959இலும் 1969இலும் பெரிய நூல்கள் கொண்டுவந்தார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கென்னத் கோல்ட்ஸ்டைன், ஃபிலடெல்பியாப் பிள்ளைகள் இப்படி எண்ணிக் கழிப்பதைப் பற்றி 1971இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். கூடவே நின்று பார்த்தால், வேண்டாத ஆளிடம் முடிகிற மாதிரி பாட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார்கள். நம்மூர் இங்கி பிங்கி பாங்கியில் கழுதை செத்த பிறகும் பாட்டு முடியாமல் போய்க்கொண்டே இருக்குமே, அதேதான்.

களஞ்சியம் என்பது ஏற்கெனவே எங்கோ பதிவானதைத் தொகுக்கிற இடம். உங்கள் ஞாபகத்தை நேராக அதில் கொட்ட முடியாது, என்னுடையதையும்தான். நீங்கள் ஆசிரியர், ஆகவே வசதி. ஒரு மாதம் இடைவேளையில் மைதானத்தில் நின்று பாருங்கள். கேட்டால் நியாயமான விதிகளைத்தான் சொல்வார்கள், அதனால் முதலில் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். தேதி, வகுப்பு, சொன்ன வார்த்தை அப்படியே. பாட்டியிடமும் கேளுங்கள். அதை முதலில் ஒரு சிற்றிதழிலாவது கட்டுரையாக வெளியிடுங்கள். அப்புறம் மூத்தவரிடம் போகலாம். உத்திக்குத் தனித் தலைப்பு கேளுங்கள். சாட் பூட் த்ரீயும் இங்கி பிங்கியும் ஒரே கட்டுரையில் இருந்தால் போதும்.

எழுதும்போது எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தப்பித்தவனை எங்கள் தெருவில் பழம் என்போம். விருதுநகரில் என்ன சொல்கிறார்கள்?