நீண்ட தூரம் ஓடினால் கால் பெருவிரல் நகம் கறுத்துப்போவது ஏன்?

பெரும்பாலும் ஷூதான் காரணம். ஓட ஓடப் பாதம் லேசாக வீங்கும். இறக்கத்தில் முன்னால் சறுக்கி, ஒவ்வொரு அடிக்கும் நகம் ஷூவின் முனையில் இடிக்கும். அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

ஷூவை மாலையில், ஓடும்போது மாட்டும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ‘போகப் போக லூசாகிடும்’ என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அகலம் கொஞ்சம் விடும், நீளம் விடாது.

கணுக்காலருகே சும்மா கிடக்கும் கடைசி ஓட்டை அலங்காரத்துக்கல்ல. லேஸை அதே பக்கத்து ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க நுனியை அதில் நுழைத்து இழுத்து முடியுங்கள். குதிகால் நகராது.

கறுத்த நகத்தைப் பிய்க்க வேண்டாம். புதுசு முழுதாக வளர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். விண்விண்ணென்று தெறித்தாலோ, அடிபடாமலே கறுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.