பழைய கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கும்போது பாதியில் எரர் வந்து நிற்கிறது. என்ன செய்வது?

2007-ல் எடுத்த டிவிடி என்கிறீர்கள். டிவி பிளேயரில் ஓடுகிறது, ஒரே ஒரு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. விண்டோஸில் காப்பி போட்டால் 80 சதவீதம் தாண்டியதும் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான்கு நாட்களாக முயன்று கொண்டிருக்கிறீர்கள்.

முதலில், திரும்பத் திரும்ப காப்பி போடுவதை நிறுத்திவிடுங்கள். படிக்க முடியாத அந்த ஒரே இடத்தில் டிரைவ் மறுபடி மறுபடி மோதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் டிஸ்கில் பெரும்பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க வழி உண்டு.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், எங்கள் அக்கா கல்யாண டிவிடியும் இதே மாதிரி நின்றதுதான். எங்களுக்குப் பல்லடம் பக்கம். இணைச்சீர் (எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணச் சடங்கு) முடிந்து, மங்கல வாழ்த்து பாட ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பந்தலில் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். அவர் பேசி, நடமாடி எங்களிடம் இருக்கிற ஒரே வீடியோ அது. அம்மாயி (அம்மாவின் அம்மா) வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போடச் சொல்லிக் கேட்கும். அதனால் இதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

சரி, ஏன் நிற்கிறது? டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட செக்டர்களாக இருக்கிறது. 16 செக்டர் சேர்ந்தால் ஒரு கட்டம், அதாவது 32 கேபி. ஒவ்வொரு கட்டத்தோடும் பிழை திருத்தும் குறியீடுகள் கூடவே பதிந்திருக்கும். சின்னக் கீறல், கொஞ்சம் தூசி எல்லாவற்றையும் டிரைவ் இதை வைத்துச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்கிறது. சேதம் அந்த அளவைத் தாண்டினால் கட்டம் முழுவதும் போய்விடும், அப்போதுதான் எரர் வருகிறது. டிவி பிளேயர் அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடும். விண்டோஸ் காப்பி அப்படிச் செய்யாது. ஒரு ஜிபி ஃபைலில் ஒரு செக்டர் படிக்காவிட்டாலும், அதுவரை எடுத்ததையும் சேர்த்து அழித்துவிடும்.

80 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது என்பதும் ஒரு துப்பு. டிவிடி உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி பதிவாகிறது. விரல் ரேகை படுவது, கீறல் விழுவது, டிஸ்க் லேசாக வளைவது எல்லாம் வெளி ஓரத்தில்தான் அதிகம். டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும் கீறல் அவ்வளவு கெடுதல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத்தான் அது குறுக்கிடும். வட்டத்தோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல்தான் ஒரே கட்டத்தில் நிறையத் தகவலைத் தின்னும். அதனால்தான் துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, நல்ல தண்ணீர், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி போதும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் மங்கிவிடும். அப்புறம், நம் ஊர் ஸ்டுடியோக்கள் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை பெண் படத்தை ஸ்டிக்கராக மேலே ஒட்டிக் கொடுத்தார்கள் இல்லையா, அதை உரிக்கவே உரிக்காதீர்கள். சிடியாக இருந்தால் தகவல் இருக்கிற அடுக்கு அந்த மேல்பக்க வார்னிஷுக்குக் கீழேயே இருக்கிறது, ஸ்டிக்கரோடு அதுவும் வந்துவிடும். டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனாலும் உரிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நடு ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் மட்டும் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே உடைந்து சிதறக்கூடும்.

அடுத்தது டிரைவ். நான் டிஸ்கைக் குறை சொல்லி ஒரு வாரம் வீணாக்கினேன். எங்கள் வீட்டை ஒட்டியே தறி ஓடுகிறது. சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், சுவர், ஃபேன், கொசுவலை என்று பஞ்சு படியாத இடம் கிடையாது. டிரைவ் லென்ஸிலும் படிந்திருந்தது. நன்றாக இருக்கும் வேறொரு டிவிடியைப் போட்டுப் பாருங்கள், அதுவும் தடுமாறினால் சந்தேகம் டிரைவ் மேல்தான். லேப்டாப் டிரைவில் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, போகாவிட்டால் மட்டும் காதுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மிக லேசாக ஒற்றி எடுங்கள். அழுத்தினால் லென்ஸ் இடம் மாறிவிடும்.

இருந்தாலும் சுத்தம் செய்வதை விட வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதுதான் பெரிய மருந்து. ஒரே டிஸ்கை ஒரு டிரைவ் படிக்காது, இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடும். பக்கத்து வீடு, சித்தப்பா வீடு, பழைய கம்ப்யூட்டர் என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். யுஎஸ்பி டிரைவ் என்றால் டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் சொருகுங்கள், மின்சாரம் பத்தாமல் திணறுவதும் உண்டு.

இனி காப்பி எடுக்கும் விதம். ஃபைலாக இழுத்துப் போடாமல், டிஸ்க் முழுவதையும் ஒரு ஐஎஸ்ஓ இமேஜாக (டிஸ்கை அப்படியே நகலெடுத்த ஒரே ஃபைல்) எடுங்கள். நான் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்கிற லினக்ஸ் மென்பொருள். உபுண்டு என்கிற லினக்ஸை பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே ஓட்டலாம். உபுண்டுவில் அந்தத் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. செக்டர் அளவு 2048 என்று நாமே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 512 என்று எடுத்துக்கொள்ளும். இதன் அழகு என்னவென்றால், படிக்காத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய் நல்ல பகுதியை எல்லாம் முதலில் எடுத்துவிடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை மேப் ஃபைல் என்று தனியாகக் குறித்து வைக்கும். அப்புறம் விடுபட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும், பின்னாலிருந்து முன்னால் படிக்கவும் சொல்லலாம். முக்கியமான விஷயம், டிஸ்கை வேறு டிரைவுக்கு மாற்றி அதே மேப் ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு டிரைவ் விட்டதை இன்னொன்று நிரப்பும்.

வேகத்தையும் குறையுங்கள். டிவிடியின் 1 எக்ஸ் வேகம் நொடிக்குச் சுமார் 1.4 எம்பி. 16 எக்ஸ் டிரைவ் 22 எம்பி வரை இழுக்கப் பார்க்கும், வளைந்த டிஸ்க் அந்த வேகத்தில் ஆடும். லினக்ஸில் ஈஜெக்ட் கட்டளையிலேயே வேகம் குறைக்கும் வசதி இருக்கிறது. சில டிரைவ்கள் இதைக் காதில் வாங்காது. விண்டோஸிலேயே இருக்க விரும்பினால் ஐசோபஸ்டர் என்கிற மென்பொருளைப் பாருங்கள், சில வசதிகளுக்குக் காசு கட்ட வேண்டும். ஸ்டுடியோக்காரர் டிஸ்கை ஃபைனலைஸ் செய்யாமல் (பதிவை முறைப்படி மூடி முடிக்காமல்) கொடுத்து, கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்று காட்டினாலும் ஐசோபஸ்டர் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடும்.

எனக்கு முதல் டிரைவில் நிறைய விடுபட்டது. பெருந்துறையில் இருக்கும் மாமா வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் ஓட்டியபோது மீதி 6 கட்டங்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 192 கேபி. இரண்டு மணி நேரப் படத்தை 4.7 ஜிபியில் அடைத்தால் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் ஓடும். அப்படியானால் போனது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. மங்கல வாழ்த்து நடுவே ஒரு துளி தடுக்குகிறது, அப்பிச்சி சிரிப்பது முழுசாக இருக்கிறது.

உங்களிடம் டிவிடியோடு விசிடியும் இருந்தால் (2005 வாக்கில் பாதிக் கல்யாணங்கள் விசிடிதான்) ஒன்று கவனியுங்கள். விசிடியில் படம் இருக்கும் செக்டர்களில் இடத்தை மிச்சம் பிடிக்க 2324 பைட் வரை வீடியோவையே போட்டிருப்பார்கள், சாதாரண சிடியில் இருக்கும் கூடுதல் பிழை திருத்தம் அங்கே கிடையாது. 2048 என்று படிக்கும் மேலே சொன்ன முறை அதற்கு வேலைக்காகாது. ஐசோபஸ்டரில் டிராக்கை எம்பெக் ஃபைலாக எடுங்கள்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடியில் வரும் எரர் வேறு கதை. பூட்டுப் போட்டிருப்பதால் டிரைவே படிக்க மறுக்கும், அதைச் சேதம் என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம்.

இமேஜ் வந்ததும் விஎல்சியில் திறந்து, கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். வாட்ஸப்பில் அனுப்ப ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஐஎஸ்ஓவை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். டிஸ்கையும் எறிந்துவிடாதீர்கள். அக்கா டிஸ்கும் அந்த மேப் ஃபைலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, யார் வீட்டிலாவது நல்ல டிரைவ் கண்ணில் பட்டால் அந்த 6 கட்டங்களை மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று.