கலியாண வீடு எடுக்கிற போட்டோகாரர் லினக்ஸுக்கு மாறினால் தொழில் நடக்குமா?

கேள்வி: கலியாண வீடு, சாமத்திய வீடு படம் எடுத்துப் பிழைக்கிறேன். விண்டோஸையும் லைட்ரூமையும் விட்டு லினக்ஸுக்கும் திறமூல மென்பொருளுக்கும் வந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். நான் தாக்குப்பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முதல் இரண்டு மாதம் ஸ்ரூடியோவில் புதிதாகச் சேர்ந்த பொடியனைப் போல வேலை பழக வேண்டிவரும். அதற்கு மனமில்லை என்றால் இந்தக் கலியாண மாதங்கள் முடியும்வரை கையை வைக்காதீர்கள்.

எனக்குக் கிளிநொச்சியில் சின்ன ஸ்ரூடியோ. மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு என்று கூப்பிட்ட இடமெல்லாம் மோட்டார் சைக்கிளில் போவேன். கொள்கைக்காக மாறினவன் என்று நினைக்க வேண்டாம். எங்களில் பலரைப் போல நானும் பென்டிரைவில் கைமாறி வந்த, பூட்டு உடைத்த மென்பொருளில்தான் தொழில் தொடங்கினேன். ஒருநாள் அதோடு வந்த வைரஸ் ஒரு சாமத்திய வீட்டுப் பைல்கள் முழுவதையும் பூட்டிவிட்டது. கமராவின் மெமரிக் காட்டை அழிக்காமல் வைத்திருந்ததால் மானம் தப்பியது. இனிக் காசு கட்டியே பாவிப்போம் என்று முடிவெடுத்த நேரம் 2022 வந்தது. 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில மாதத்தில் 360 அளவுக்குப் போனது. மாதாமாதம் டொலரில் கட்டுகிற கணக்கை ஒருமுறை கொப்பியில் எழுதிப் பார்த்தேன், மூடி வைத்துவிட்டேன். காசு கட்டத் தேவையில்லாத லினக்ஸின் பக்கம் வந்தது அப்படித்தான்.

அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. என் லாப்டொப்பின் பெட்டரி செத்து எத்தனையோ காலம். கரண்ட் போனால் திரையும் போகும், செய்த வேலையும் போகும். லைட்ரூம் போலப் படம் திருத்துகிற திறமூல மென்பொருளான டார்க்டேபிளை நான் முதலில் நம்பியது இந்த இடத்தில்தான். அது மூலப் படத்தைத் தொடுவதில்லை. நீங்கள் செய்கிற திருத்தங்களை ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற குட்டிப் பைலில் எழுதிக்கொண்டே போகும். ‘சேவ்’ பண்ண மறந்தேன் என்ற கதையே இல்லை. கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கலாம்.

இப்போது என்னிடம் இருப்பது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட், கமரா பதிகிற பதப்படுத்தாத ரோ பைலுக்கு டார்க்டேபிள், முகத்தில் பரு, பின்னால் தெரியும் பிளாஸ்டிக் கதிரை போன்றவற்றை எடுக்கக் கிம்ப், படங்களைப் பெயர் போட்டு அடுக்க டிஜிகாம். வீடியோவுக்குக் கேடென்லைவ், அது போதும் என்கிற அளவில் இருக்கிறது. டார்க்டேபிள் செய்கிற வேலைக்கு ரோதெரப்பியும் நல்லது, ஆனால் ஒன்றைப் பிடித்துப் பழகுங்கள், இரண்டையும் வைத்துக்கொண்டு அலையாதீர்கள்.

முதல் அடி விழுகிற இடத்தைச் சொல்கிறேன். டார்க்டேபிளில் படங்களைப் போட்டவுடன் வரிசையில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஒன்றைத் திறந்தால் கண் முன்னாலேயே மங்கிவிடும். பழுது என்று நினைத்து ஒரு முழு இரவு இணையத்தில் தேடினேன். பழுதில்லை. முதலில் தெரிந்தது கமரா தன் பாட்டில் சமைத்து உள்ளே வைத்த ஜேபெக். திறந்த பிறகு வருவது ரோ பைல், அதாவது அரிசி. சோறு நீங்கள்தான் ஆக்க வேண்டும். இது விளங்காமல் ஒரு கலியாணத்தின் மாதிரிப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பொம்பிளையின் அம்மா உடனே போன் எடுத்தா: “ஏன் தம்பி, என்ர பிள்ளை மூண்டு நாள் காய்ச்சலில கிடந்து எழும்பினவள் மாதிரி இருக்கிறாள்?”

அவ சொன்னது சரி. அன்றைக்கு டார்க்டேபிளில் வெளிச்சத்தையும் இருட்டையும் திரைக்கு ஏற்ற மாதிரி அடக்குகிற ஃபில்மிக் என்ற பகுதியின் பத்துப் பதினைந்து இழுவைகளோடு (ஸ்லைடர்) நான் மல்லுக்கட்டினேன். 2022 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில் அதே வேலைக்குச் சிக்மாய்ட் என்று இலேசான ஒன்றைச் சேர்த்தார்கள், அதன்பிறகு என் சீவியம் இலேசாகிவிட்டது. எக்ஸ்போசரை முகத்துக்கு வையுங்கள், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிக்கு வைக்காதீர்கள். எங்கள் ஆட்களின் நிறம் அந்த ஒரு பிழையில்தான் சாம்பலாகிறது. பிறகு சிக்மாய்டில் கொன்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், கலர் பலன்ஸ் ஆர்ஜிபி என்ற பகுதியில் நிறத்தை ஒரு சொட்டுக் கூட்டுங்கள். ஒரே வெளிச்சத்தில் எடுத்த மிச்சப் படங்களுக்கு கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. முந்தி இரண்டு நாள் இழுத்த வேலை இப்போது ஒரு பின்னேரத்தில் முடிகிறது. அந்த அம்மாவுக்குத் திரும்ப அனுப்பியபோது பதில் வரவில்லை. எங்கள் ஊரில் அது பாராட்டு.

மண்டபத்து எல்ஈடி வேறு வில்லங்கம். மேடையில் ஊதா, நீலம் அடிப்பார்கள், கன்னத்தில் பெயின்ற் கொட்டினது போல ஒரே திட்டாக வரும். டார்க்டேபிளின் கலர் கலிப்ரேஷன் பகுதியில் கமட் கொம்ப்ரஷன் என்று ஒரு இழுவை இருக்கிறது, அதைக் கூட்டினால் திட்டு உடைந்து முகத்தின் மேடு பள்ளம் திரும்ப வரும். எல்லாவற்றுக்கும் சரிவராது. சரிவராததைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு ‘கலை’ என்று சொல்லிவிடுவேன்.

இருட்டில் நல்ல பேர் எடுத்தது, படத்தில் விழுகிற புள்ளி இரைச்சலை எடுக்கிற டீநொய்ஸ் புரொஃபைல்ட். கமராவின் மொடலையும் ஐஎஸ்ஓ என்ற வெளிச்ச உணர்திறன் அளவையும் பார்த்து அதற்கென்று அளந்து வைத்த கணக்கைப் போடும். வற்றாப்பளை அம்மன் பொங்கலிரவில் ஐஎஸ்ஓ 6400 இல், சனத்துக்கு நடுவில், கற்பூர வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக அடித்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். பழைய லாப்டொப் என்றால் படத்தைக் கூர்மையாக்குகிற ‘டிஃப்யூஸ் ஓர் ஷார்ப்பன்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். கிராபிக்ஸ் காட் இல்லாமல் அதைப் போட்டால் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வரலாம்.

மாறமுன் செய்ய வேண்டியதில் நான் கோட்டைவிட்டது ஒன்று. லைட்ரூமில் செய்த பழைய திருத்தங்கள் அப்படியே வராது. வெட்டு, எக்ஸ்போசர் போன்ற சிலவற்றை டார்க்டேபிள் வாசிக்கும், மற்றதெல்லாம் போனது போனதுதான். முடிந்த வேலைகளை முழு அளவு ஜேபெக்காக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். ஒரு குடும்பம் நாலு வருசம் கழித்து அப்பாவின் படத்தை அஞ்சலிக்குக் கேட்டு வந்தது, புதிதாக இருந்து திருத்திக் கொடுத்தேன்.

இன்னொன்று ஹாட்டிஸ்க். விண்டோஸில் போட்டிருந்ததை முறையாகக் கழற்றாமல் இழுத்துப் பிடுங்கியவன் நான். லினக்ஸில் போட்டால் வாசிக்கலாம், எழுத முடியாது என்று நின்றது. அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு ஒட்டுசுட்டானில் கலியாணம். திரும்ப விண்டோஸில் போட்டு, விண்டோஸை முழுதாக மூடவிடாத ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பையும் நிறுத்தி, ஒழுங்காக மூடின பிறகுதான் வழிக்கு வந்தது. கமரா புதிது என்றால் மின்ட்டின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கிற டார்க்டேபிள் பழசாக இருக்கும், புதிய பதிப்புகள் கிடைக்கிற ஃபிளாட்பக் முறையில் இறக்குங்கள். கனன் கமராக்களின் சிஆர்3 என்ற ரோ பைல்களை 3.8 பதிப்பிலிருந்துதான் டார்க்டேபிள் திறக்கிறது.

அல்பத்தில்தான் உண்மையான இழப்பு. நீங்கள் காசு கொடுத்து வாங்கின ஃபோட்டோஷொப்பின் பிஎஸ்டி அல்ப டெம்ப்ளேட்டுகளைக் கிம்ப் திறக்கும், ஆனால் படத்தை மாற்றிப் போட வைத்திருக்கிற ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் எல்லாம் வெறும் படமாகிவிடும், எழுத்து அலங்காரம் கலையும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இல், போட்ட ஃபில்டரைப் பிறகும் மாற்றலாம் என்ற வசதி வந்தது, டெம்ப்ளேட் பிரச்சினை மட்டும் முழுதாகத் தீரவில்லை. நான் ஒரு வருசம் அல்பத்துக்காக மட்டும் பழைய கொம்பியூட்டரில் விண்டோஸை வைத்திருந்தேன், வெட்கமில்லை. பிறகு சொந்தமாகப் பன்னிரண்டு பக்க அமைப்புகள் செய்துகொண்டேன். பழைய பாமினி எழுத்துருவை எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் கிம்பிலும் வேலை செய்கிறது, ஆனால் பெயர்களை இப்போது யூனிகோடில்தான் அடிக்கிறேன்.

அச்சு மையின் நாலு நிறக் கணக்கான சிஎம்வைகே பற்றிப் பயமுறுத்துவார்கள். கலியாண அட்டை அச்சடிக்கிறவருக்கு அது தேவை. போட்டோப் பேப்பரில் அடிக்கிற என் லாப் கேட்பது திரைக்குரிய சாதாரண நிறக் கணக்கான எஸ்ஆர்ஜிபி ஜேபெக். முதல் லினக்ஸ் அல்பத்தைக் கொண்டுபோன அன்று, 12க்கு 36 அங்குலம், 10800க்கு 3600 பிக்சல், எதில் செய்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். லாப்காரர் பென்டிரைவைக் குத்தினார், ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நடு மடிப்பில பொம்பிளையின்ர மூக்கு வருது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும் தம்பி” என்றார்.