என் மோட்டார் சைக்கிளின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. ஒட்டினால் போதுமா, புதிய டயர் வாங்க வேண்டுமா?

ஆணி எந்த இடத்தில் ஏறியது, காற்றுப் போன பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. முடிவு இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியால் இறங்கி, தலவாக்கலையை நெருங்கும்போது என் பின்சில்லு நெளியத் தொடங்கியது. டியூப் இல்லாத டயர். இருட்டும் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டதால் நிற்க மனமின்றி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டியே கடைக்கு வந்தேன். கடைத் தம்பி டயரைக் கழற்றி, உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். கரித்தூள் போல ரப்பர் பொடி. துளை நடுவில்தான் இருந்தது, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கேயே நிறுத்தி ஒட்டியிருந்தால் டயர் தேயும்வரை ஓடியிருக்கும். காற்றில்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளிருக்கும் நூல்கள் நைந்துவிட்டன. அதற்கு எந்த ஒட்டும் கிடையாது. புதிய டயர்தான் வாங்கினேன்.

ஆகவே, துளை தரையில் படும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தயங்காமல் ஒட்டுங்கள். பக்கச்சுவர் என்றால் ஒட்டவே வேண்டாம். ஓரத்தில் இருந்தாலும் நான் ஒட்ட மாட்டேன். நம் மலைப்பாதை வளைவுகளில் வண்டி சாயும்போது பாரம் முழுவதும் அந்த ஓரத்தில்தான் விழுகிறது. வெளியிலிருந்து செருகும் ரப்பர் திரி வீடு சேர்வதற்கு மட்டுமே. டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டியூப் உள்ள டயரானால் பெரும்பாலும் டியூபை ஒட்டினாலே போதும். வால்வு அடியில் கிழிந்திருந்தால் டியூபை மாற்றுங்கள். உள்ளே முள்ளோ கம்பியோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழையதாகி வெடிப்பும் விழுந்திருந்தால், அல்லது பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் வரை தேய்ந்திருந்தால், ஒட்டுக் காசும் வீண். டயர் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த டயரோடு ரம்பொடை இறக்கத்தில் இறங்காதீர்கள்.

காற்று இன்னும் நிற்கிறது என்றால் ஆணியைப் பிடுங்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். காற்று முழுவதும் போய்விட்டதா? ஏறி ஓட்டாமல் லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றிவிடுங்கள்.